தலைமறைவு அரசின் கணக்குப் புத்தகம்

1919 ஏப்ரல் மாதத் தொடக்கத்தில் மைக்கேல் காலின்ஸ் அயர்லாந்துக் குடியரசின் நிதியமைச்சராகப் பொறுப்பேற்றபோது, அந்தக் குடியரசுக்குக் கருவூலம் இல்லை. வரி வசூலிக்க ஆட்கள் இல்லை. அதை ஓர் அரசு என்று ஒப்புக்கொண்ட வெளிநாடு எதுவும் இல்லை. 1918 டிசம்பர் பொதுத்தேர்தலில் அயர்லாந்தின் 105 தொகுதிகளில் 73-ஐ வென்ற சின் ஃபெயின் கட்சியினர், லண்டன் நாடாளுமன்றத்துக்குப் போக மறுத்து, 1919 ஜனவரி 21 அன்று டப்ளின் மேன்ஷன் ஹவுஸில் தங்களுக்கென ஒரு நாடாளுமன்றத்தைக் கூட்டி விடுதலையைப் பிரகடனம் செய்திருந்தார்கள். டால் ஏரன் என்ற அந்தச் சபையின் முதல் கூட்டத்துக்கு முப்பது உறுப்பினர்கள்கூட வரவில்லை. வென்றவர்களில் பலர் பிரிட்டிஷ் சிறைகளில் இருந்தார்கள். இப்படிப்பட்ட ஓர் அரசுக்கு அமைச்சரவையை அறிவிப்பது எளிது. அந்த அமைச்சர்களின் துறைகளுக்குச் சம்பளமும் வாடகையும் கொடுப்பது எப்படி என்பதுதான் காலின்ஸின் முன்னால் இருந்த கேள்வி.

ஏப்ரல் 10 அன்று டால் சபையில் அந்த அரசின் தலைவர் ஏமன் டி வலேரா அதற்கான வழியை அறிவித்தார். மக்களிடம் கடன் வாங்குவது. அதற்கு அரசாங்கம் தருவதைப் போலவே கடன் பத்திரம் தருவது. இலக்கு பத்து லட்சம் பவுண்டு. அதில் பாதி உடனடியாகத் திரட்டப்படும். இரண்டரை லட்சம் அயர்லாந்திலும், இரண்டரை லட்சம் வெளிநாட்டிலும். பத்திரங்கள் ஒரு பவுண்டிலிருந்து நூறு பவுண்டு வரை இருக்கும். வட்டி ஆண்டுக்கு 5 சதவீதம். ஆனால் குடியரசு அங்கீகாரம் பெற்று, பிரிட்டிஷ் படைகள் வெளியேறிய பிறகுதான் கொடுபடும். அதாவது, அந்த அரசு தோற்றால் கொடுத்தவருடைய காசு போனதுதான். டி வலேரா, கிலாலூ மறைமாவட்டத்தின் ஆயர் மைக்கேல் ஃபோகர்ட்டி, லிமெரிக் நகரத்துப் பன்றியிறைச்சி வணிகக் குடும்பத்தைச் சேர்ந்த ஜேம்ஸ் ஒமாரா ஆகிய மூவரும் நிதியின் அறங்காவலர்களாக நியமிக்கப்பட்டனர். அரசியல்வாதி, சமயத்தலைவர், வணிகர் என்ற இந்தச் சேர்க்கையில் தற்செயல் குறைவு என்றே நினைக்கிறேன். கத்தோலிக்க அயர்லாந்தின் ஒரு சிற்றூரில் வைக்கோலடியில் சேமிப்பை வைத்திருக்கும் விவசாயிக்கு, ஆயரின் பெயர் எந்த வட்டியையும்விடப் பெரிய உத்தரவாதம்.

கடன் என்ற வடிவத்தை ஏன் தேர்ந்தெடுத்தார்கள் என்பதைச் சற்று நின்று பார்க்க வேண்டும். அயர்லாந்து இயக்கங்களுக்கு நன்கொடை திரட்டத் தெரியாததில்லை. உண்டியல் குலுக்குவதில் அவர்களுக்கு அரை நூற்றாண்டுப் பழக்கம் இருந்தது. 1860-களில் ஃபீனியன்கள் என்ற புரட்சி இயக்கத்தினர் அமெரிக்காவில் ‘அயர்லாந்துக் குடியரசு’ என்று அச்சிட்ட பத்திரங்களையே விற்றிருக்கிறார்கள். ஆனால் நன்கொடை இயக்கத்துக்குக் கொடுப்பது. கடன் அரசுக்குக் கொடுப்பது. ஒரு பவுண்டு கொடுத்து ஒரு பத்திரத்தை வாங்கிப் பெட்டியில் பூட்டிவைத்தவர், அந்த அரசு நிலைக்க வேண்டும் என்று விரும்புவதற்குத் தேசப்பற்றைத் தவிர இன்னொரு காரணமும் பெற்றுவிடுகிறார். இந்த நுட்பத்துக்கு ஒரு விலை இருந்தது. கடன் வாங்குகிறவர் கணக்கு வைத்தாக வேண்டும். யார், எந்த ஊர், எவ்வளவு, எந்த எண்ணுள்ள ரசீது என்பதெல்லாம் எழுதப்பட்டாக வேண்டும். தலைமறைவாக இயங்குகிற ஓர் அமைப்பு செய்யக்கூடாத முதல் காரியம் பெயர்களை எழுதிவைப்பது. கடன் வாங்கும் ஓர் அரசு செய்யவேண்டிய முதல் காரியமும் அதுவே. அடுத்த இரண்டு ஆண்டுகளில் காலின்ஸ் பட்ட பாடெல்லாம் இந்த முரண்பாட்டுக்குள் அடங்கும்.

துப்பாக்கிக்காரராகவும் உளவுத்துறைத் தலைவராகவும் பெயர் பெற்ற காலின்ஸ் அடிப்படையில் ஒரு குமாஸ்தா. கார்க் மாவட்டத்தின் கிளானகில்ட்டி அருகே பிறந்த அவர் 1906-ல், பதினைந்து வயதில், லண்டனுக்குப் போய் அஞ்சலகச் சேமிப்பு வங்கியில் வேலைக்குச் சேர்ந்தார். பின்னர் ஒரு பங்குத்தரகு நிறுவனத்திலும், கடைசியாக நியூயார்க்கின் கேரண்டி டிரஸ்ட் கம்பெனியின் லண்டன் கிளையிலும் பணிபுரிந்தார். பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிரான 1916 ஈஸ்டர் எழுச்சிக்குச் சற்று முன்பு டப்ளின் திரும்பி, அதில் பங்கெடுத்து, வேல்ஸில் இருந்த ஃபிராங்காக் முகாமில் அடைபட்டு, வெளியே வந்தபின் கைதிகளின் குடும்பங்களுக்கு உதவும் நிதியத்தின் செயலாளராக அமர்ந்தார். ஒன்பது ஆண்டு லண்டன் வாழ்க்கையில் சிறு சேமிப்பு, கடன் பத்திரம், அந்நியச் செலாவணி ஆகிய மூன்றையும் கவுன்ட்டருக்குப் பின்னாலிருந்து பார்த்தவர். பேரரசுக்கு எதிரான நிதித்துறையை நடத்த வேண்டிய பயிற்சியைப் பேரரசின் அஞ்சலகமே கொடுத்தது என்றுகூடச் சொல்லலாம்.

1919 செப்டம்பரில் கடன் திட்டத்தின் விளம்பரங்கள் நாளிதழ்களில் வரத் தொடங்கியதும் டப்ளின் கோட்டையிலிருந்த பிரிட்டிஷ் நிர்வாகம் விழித்துக்கொண்டது. அந்த மாதமே டால் ஏரன் சட்டவிரோத அமைப்பு என்று அறிவிக்கப்பட்டது. ஹார்கோர்ட் தெருவின் 6-ம் எண் கட்டடத்தில் இருந்த சின் ஃபெயின் தலைமையகம் செப்டம்பர் 12 அன்று சோதனையிடப்பட்டது. அதே கட்டடத்தில் இருந்த காலின்ஸ் அகப்படவில்லை. கடன் அறிக்கையை விளம்பரமாக வெளியிட்ட செய்தித்தாள்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன; அரசியலில் மிதவாதியான ‘கார்க் எக்ஸாமினர்’கூடத் தப்பவில்லை. கடன் அறிக்கையைக் கையில் வைத்திருப்பதும், கூட்டத்தில் கடன் கேட்டுப் பேசுவதும் சிறைக்குக் கொண்டுபோகும் குற்றங்களாயின. ஒரு பத்திரிகையை மூடினால் அது எதற்காக மூடப்பட்டது என்று ஊரே கேட்கும் என்பதை நிர்வாகம் யோசித்ததாகத் தெரியவில்லை. கொடுக்கத் தயங்கியவர்களுக்கு அது கிடைத்தற்கரிய விளம்பரம்.

காலின்ஸின் மற்றொரு விளம்பர முயற்சி இன்றைக்கும் படித்தால் வியப்பளிக்கும். ஜான் மக்டோனா என்ற இயக்குநரைக் கொண்டு ஒரு சிறு மௌனப் படம் எடுக்கப்பட்டது. இடம், ஈஸ்டர் எழுச்சிக்காகச் சுட்டுக்கொல்லப்பட்ட பேட்ரிக் பியர்ஸ் நடத்திய புனித எண்டா பள்ளி. 1803-ல் தூக்கிலிடப்பட்ட புரட்சியாளர் ராபர்ட் எம்மெட்டின் தலை துண்டிக்கப்பட்டதாக நம்பப்படும் மரக்கட்டையை மேசையாக்கி, அதன்மேல் காலின்ஸ் பத்திரங்களில் கையெழுத்திட்டுக் கொடுக்க, பியர்ஸின் தாயும் பிற தலைவர்களும் வரிசையாக வந்து வாங்குகிறார்கள். படத்தைத் திரையரங்குகளில் காட்டியது வேறு விதம்: தொண்டர்கள் சிலர் படம் ஓட்டும் அறைக்குள் புகுந்து, ஓட்டுபவரை மிரட்டி இந்தச் சுருளைப் போடவைத்து, காவலர்கள் வருவதற்குள் மறைந்துவிடுவார்கள். காவல்துறை தேடிக்கொண்டிருந்த ஒருவர் தம் முகத்தைத் தாமே வெண்திரையில் காட்டியது துணிச்சலா, அசட்டுத்தனமா என்று சொல்வது கடினம். கையெழுத்திடுகிறவரின் முகம் தெரியாத பத்திரத்தை யாரும் வாங்கமாட்டார்கள் என்பதை வங்கிக் குமாஸ்தாவாக இருந்தவர் அறிந்திருந்தார் என்று மட்டும் சொல்லலாம்.

வசூல் தொகுதிவாரியாக நடந்தது. உள்ளூர்ப் பொறுப்பாளர்கள் வீடு வீடாகப் போனார்கள். அஞ்சலில் அனுப்பினால் பிடிபடும் என்பதால், நம்பகமான ரயில்வே ஊழியர்களும் தூதர்களும் பணத்தையும் பட்டியல்களையும் டப்ளினுக்குக் கொண்டுவந்தார்கள். ஒவ்வொரு தொகைக்கும் ரசீது போக வேண்டும் என்பதில் காலின்ஸ் விடாப்பிடியாக இருந்தார். கணக்கு அனுப்பாத பொறுப்பாளர்களுக்கு அவர் எழுதிய கடிதங்கள் தாட்சண்யம் இல்லாதவை. இந்த வேலையில் தாம் கண்ட கோழைத்தனத்தையும் மழுப்பலையும் பற்றி அமெரிக்காவிலிருந்த சகாவுக்கு மிகுந்த கசப்போடு அவர் எழுதியிருக்கிறார். 1919 நவம்பர் 11 அன்று ஹார்கோர்ட் தெரு 76-ம் எண்ணில் இருந்த அவருடைய புதிய அலுவலகம் சோதனையிடப்பட்டபோது, மேற்கூரைச் சாளரத்தின் வழியாக ஏறி, கூரைகளின் மேலாகவே போய் அருகிலிருந்த ஓட்டலுக்குள் இறங்கித் தப்பினார். அதன்பின் நிதித்துறை ஒரே இடத்தில் இருக்கவில்லை. பேரேடுகள் ஓர் இடம், பணம் ஓர் இடம், உளவுக் கோப்புகள் வேறோர் இடம் என்று நகரம் முழுவதும் பிரிந்து கிடந்தது.

1920-ன் நடுவில் உள்நாட்டுக் கடன் முடித்துவைக்கப்பட்டபோது மூன்று லட்சத்து 70 ஆயிரம் பவுண்டுக்கு மேல் சேர்ந்திருந்தது. இரண்டரை லட்சம் என்ற இலக்கைவிட ஏறக்குறைய பாதி அதிகம். காலின்ஸின் கணக்கில் தெற்கே உள்ள மன்ஸ்டர் மாகாணம் மட்டும் சுமார் 1,71,000 பவுண்டு கொடுத்திருந்தது. பிரிட்டனோடு இணைந்திருக்க விரும்பிய ஒன்றியவாதிகள் மிகுந்த வடக்கின் அல்ஸ்டரிலிருந்து வந்தது 41,000 அளவே. அடுத்த ஓராண்டில் பிரிட்டிஷ் படைகளோடு சண்டை எங்கே கடுமையாக மூண்டது என்ற வரைபடத்தை இந்த எண்களின் மேல் வைத்தால் பெருமளவு பொருந்திப்போகும்.

இவ்வளவு பணத்தை எங்கே வைப்பது? பெரும்பகுதி டப்ளின் வங்கிகளிலேயே, நம்பகமான தனியாட்களின் பெயரில் பினாமிக் கணக்குகளாக இருந்தது. எதிரியின் சட்டத்துக்குக் கட்டுப்பட்ட வங்கிகளில் எதிரிக்கு எதிரான அரசின் கருவூலம் இருந்தது என்பது விந்தைதான். ஆனால் வங்கியை விட்டால் மிஞ்சுவது தரைக்கடிதான். அதையும் செய்தார்கள். சுமார் 25,000 பவுண்டு மதிப்புக்குத் தங்கக் காசுகள் திரட்டப்பட்டன. நம்மூர் நகைக்கடைகளில் ‘சவரன்’ என்று இன்றும் வழங்கும் சொல்லுக்கு மூலமான அதே ஆங்கிலக் காசுகள்தாம். கட்டட ஒப்பந்தக்காரரும் காலின்ஸின் நண்பருமான பாட் ஓகானர், டானிபுரூக் பகுதியில் இருந்த தம் வீட்டின் தரைக்கடியில் அவற்றைப் புதைத்து மேலே கான்கிரீட் போட்டார். பெட்டிகளோடு ஒரு குழந்தையின் சவப்பெட்டியும் இதற்குப் பயன்பட்டது. அந்த வீடு பலமுறை சோதனையிடப்பட்டும் தங்கம் சிக்கவில்லை.

வங்கிக் கணக்குகளைத் தேடிவந்தவர் ஆலன் பெல். அவர் காவல்துறையில் பணியாற்றிப் பின் மாஜிஸ்திரேட் ஆனவர். 1880-களின் நிலப் போராட்டக் காலத்திலேயே இயக்கங்களின் பணத்தடத்தைத் துருவிய அனுபவம் உடையவர். 1920 மார்ச்சில், பழைய குற்றத்தடுப்புச் சட்டம் ஒன்றின்கீழ், வங்கி மேலாளர்களை அழைத்து, சத்தியப் பிரமாணத்தின் பேரில் வாடிக்கையாளர் கணக்குகளைப் பற்றி விசாரிக்கத் தொடங்கினார். அந்த மாதத்தில் பெல்லைப்போல் குடியரசுக்கு ஆபத்தானவர் யாரும் இல்லை. ஆயுதக் கிடங்கு ஒன்று பிடிபட்டால் இன்னொன்று தேடிக்கொள்ளலாம். பினாமிக் கணக்குகளின் சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தால், கடன் கொடுத்தவர்களின் நம்பிக்கையே போய்விடும். மார்ச் 26 காலையில் மாங்க்ஸ்டவுன் வீட்டிலிருந்து டிராமில் அலுவலகம் வந்துகொண்டிருந்த பெல்லை, காலின்ஸின் ஆட்கள் பால்ஸ்பிரிட்ஜ் பகுதியில் வண்டியை நிறுத்தி இறக்கி, தெருவோரத்திலேயே சுட்டுக்கொன்றார்கள். அறுபதைக் கடந்த, ஆயுதமில்லாத ஒரு முதியவர், பார்த்துக்கொண்டிருந்த பயணிகள். இந்தக் கடனின் கதையைத் திறமையான நிர்வாகத்தின் கதையாக மட்டும் சொல்லுகிறவர்கள் அந்த டிராமைக் கடந்து போய்விடுகிறார்கள். நிதியமைச்சரும் உளவுத்துறைத் தலைவரும் ஒரே ஆளாக இருந்ததால், தணிக்கைக்கு வந்தவருக்குக் கிடைத்த பதில் இப்படி இருந்தது. விசாரணை அதோடு முடங்கியது. சில கணக்குகள் பின்னர் பறிமுதலான போதும், இழப்பு மொத்தத்தில் சிறு பங்குதான்.

திரட்டிய பணம் பெரும்பாலும் துப்பாக்கிக்குப் போனது என்று எண்ணுவது இயல்பு. செலவுப் பட்டியல் அதைவிடச் சலிப்பூட்டுவது, அதனாலேயே கவனிக்கத்தக்கது. துறைச் சம்பளங்கள், குடியரசின் நீதிமன்றங்கள், பாரிசிலும் பிற தலைநகரங்களிலும் இருந்த தூதர்கள், மீன்பிடித் தொழிலுக்கு உதவி ஆகியவற்றோடு, டால் அரசின் விவசாயத்துறைப் பொறுப்பாளர் ராபர்ட் பார்ட்டன் முன்னின்று தொடங்கிய தேசிய நில வங்கிக்கு இரண்டு லட்சம் பவுண்டுக்கு மேல் சென்றது. கூட்டுறவுச் சங்கங்களுக்கான சட்டத்தின்கீழ் முறையாகப் பதிவு செய்யப்பட்டு, லீசன் தெருவில் பகிரங்கமாக இயங்கிய வங்கி அது. நிலமற்றவர்கள் கூட்டாக நிலம் வாங்கக் கடன் கொடுத்தது. கூடவே, சட்டவிரோத அரசின் பணத்துக்குச் சட்டபூர்வமான ஓர் உறைவிடமும் ஆயிற்று. 1920 கோடையில் பெரும்பாலான உள்ளாட்சி மன்றங்கள் டால் சபைக்கு விசுவாசம் தெரிவித்தபோது, தங்கள் தணிக்கையாளரிடம் புத்தகங்களைக் காட்டாவிட்டால் மானியம் இல்லை என்றது பிரிட்டிஷ் நிர்வாகம். காட்டக்கூடாது என்றார் டால் அரசின் உள்ளாட்சி அமைச்சர் காஸ்கிரேவ். அயர்லாந்தை ஆள்வது யார் என்ற வழக்கு அந்த ஆண்டு பல ஊர்களில் கணக்குப் புத்தகத்தை யார் பார்ப்பது என்ற வழக்காகவே நடந்தது.

அமெரிக்காவில் சிக்கல் வேறு. லிவர்பூலிலிருந்து கப்பலில் ஒளிந்து 1919 ஜூனில் நியூயார்க் சேர்ந்த டி வலேராவுக்கு அங்கே கூட்டத்துக்குக் குறைவில்லை; சட்டம்தான் குறுக்கே நின்றது. அங்கீகாரம் பெறாத ஓர் அரசு பத்திரம் விற்பது முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டங்களின்கீழ் மோசடியாகக் கருதப்படலாம் என்று ஐரிஷ் அமெரிக்கத் தலைவர்களான நீதிபதி கோஹாலனும் ஜான் டெவாயும் எச்சரித்தார்கள். அவர்களுக்கும் டி வலேராவுக்கும் ஏற்கெனவே இருந்த பிணக்கு இதில் முற்றியது. கடைசியில் வழக்கறிஞர்கள் கண்டுபிடித்த உபாயம் அழகானது. விற்கப்படுவது பத்திரமே அல்ல, பத்திரம் தருவதாகச் சொல்லும் ஒரு சான்றிதழ். குடியரசு சர்வதேச அங்கீகாரம் பெற்று ஒரு மாதம் கழித்து, அதை அயர்லாந்துக் கருவூலத்தில் கொடுத்து உண்மையான பத்திரமாக மாற்றிக்கொள்ளலாம். நாடு பிரிட்டிஷ் படைக் கட்டுப்பாட்டிலிருந்து விடுபட்ட ஏழாம் மாதத்தின் முதல் நாளிலிருந்து 5 சதவீத வட்டி. அதன்பின் ஓராண்டுக்குள் அசல். 1920 ஜனவரியில் விற்பனை தொடங்கியது. ஒமாராவின் நிர்வாகத்தில், பத்து டாலரில் தொடங்கிய இந்தச் சான்றிதழ்களை இரண்டு லட்சத்து 70 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வாங்கி, 51 லட்சம் டாலருக்கு மேல் கொடுத்தார்கள். ஒருவருக்குச் சராசரி இருபது டாலர்கூட இல்லை.

அந்தப் பணத்திலிருந்து ஒரு விசித்திரமான கைமாற்றும் நடந்தது. உலகம் அங்கீகரிக்காத இன்னோர் அரசின், அதாவது சோவியத் ரஷ்யாவின், நியூயார்க் பிரதிநிதி லுட்விக் மார்டென்ஸுக்கு 20,000 டாலர் கடனாகக் கொடுக்கப்பட்டது. அடமானமாக வந்தவை ஜார் காலத்து நகைகள் சில. அமெரிக்காவில் டால் அரசின் பிரதிநிதியாக இருந்த ஹாரி போலண்ட் அவற்றை அயர்லாந்துக்குக் கொண்டுவந்தார். 1922 ஆகஸ்டில் உள்நாட்டுப் போரில் அவர் இறந்தபின் அவர் குடும்பத்தார் பல ஆண்டுகள் அவற்றைக் காத்து, டி வலேராவின் அரசிடம் 1938-ல் ஒப்படைத்தார்கள். 1940-களின் இறுதியில் மாஸ்கோ அசலைக் கொடுத்து நகைகளை மீட்டது.

பிரிட்டனோடு செய்துகொண்ட 1921 டிசம்பர் உடன்படிக்கை, குடியரசுக்குப் பதிலாக ‘சுதந்திர அரசு’ ஒன்றைத் தந்து, இயக்கத்தை இரண்டாகப் பிளந்தபோது நிதியும் பிளந்தது. போலண்ட் இறந்த அதே ஆகஸ்டில், 22-ம் தேதி, காலின்ஸும் உடன்படிக்கையை எதிர்த்த தரப்பின் பதுங்கித் தாக்குதலில் கொல்லப்பட்டார். உள்நாட்டுக் கடனைச் சுதந்திர அரசு 1924-ல் சட்டம் இயற்றித் தன் பொறுப்பாக ஏற்றது. நியூயார்க் வங்கிகளில் மிஞ்சியிருந்த சுமார் 25 லட்சம் டாலர் யாருக்கு என்பது வழக்காயிற்று. டால் அரசின் வாரிசு நாங்களே என்றது டப்ளின் அரசு. உடன்படிக்கையை ஏற்காத குடியரசுவாதிகளும் அதையே சொன்னார்கள். காலின்ஸ் லண்டனில் கடைசியாக வேலை பார்த்த கம்பெனியைப் போலவே, வழக்கில் எதிரே நின்ற நிறுவனத்தின் பெயரும் ‘கேரண்டி’ என்றே தொடங்கியது. காலின்ஸ் இருந்திருந்தால் சிரித்திருப்பார். 1927-ல் நீதிபதி பீட்டர்ஸ் இருவரின் உரிமையையும் மறுத்தார். 1919-ன் டால் உண்மையில் ஓர் அரசாக நிலைபெறவில்லை. சுதந்திர அரசு தன் அதிகாரத்தைப் பெற்றதும் பிரிட்டனோடு செய்த உடன்படிக்கையிலிருந்துதானே தவிர டாலிடமிருந்து அல்ல. ஆகவே பணம் கொடுத்தவர்களுக்கே திரும்ப வேண்டும் என்பது தீர்ப்பு. பேரேடும் ரசீதும் தணிக்கையுமாக எட்டு ஆண்டுகள் நிறுவ முயன்ற ஒன்றை அந்த நீதிமன்றம் ஒப்பவில்லை. ஆனால் யாருக்கு எவ்வளவு திருப்பித் தருவது என்று தெரிந்ததற்கு அதே பேரேடுகள்தான் காரணம்.

நீதிமன்றம் நியமித்த பொறுப்பாளர்கள் டாலருக்கு 58 சென்ட் வீதம் பிரித்துக்கொடுத்தார்கள். டி வலேரா தம் பங்குக்கு, அந்த உரிமையைத் தமக்கு எழுதிக்கொடுக்குமாறு சான்றிதழ்தாரர்களைக் கேட்டு, வந்த தொகையை 1931-ல் தொடங்கிய ‘ஐரிஷ் பிரஸ்’ நாளிதழின் மூலதனத்தில் சேர்த்துக்கொண்டார். 1932-ல் ஆட்சிக்கு வந்த அவர், மறு ஆண்டே மீதியையும் அரசுக் கருவூலத்திலிருந்து தர ஏற்பாடு செய்தபோது, தம் பத்திரிகைக்குத் தாமே பணம் கொடுத்துக்கொள்வதாக எதிர்க்கட்சி சாடியது. அந்தக் குற்றச்சாட்டில் நியாயம் இல்லாமலும் இல்லை. எப்படியானாலும், 1920-ல் ஒரு டாலர் கொடுத்தவருக்கு முடிவில் ஒன்றேகால் டாலர் கிடைத்தது. சான்றிதழின் வாசகப்படி பார்த்தால் தவணை அப்போதும் வந்திருக்கவில்லை: சில துறைமுகங்களில் பிரிட்டிஷ் படை இன்னும் இருந்தது, அயர்லாந்து முறைப்படி குடியரசானதும் 1949-ல்தான்.